ரோமாபுரியில் எண்ணாயிரம் பேர்

ஜெர்மனியில் வீட்டுச் சுவர்களில் பல்லி கிடையாது. கமலநாயகிக்கு இந்த நாட்டில் இருந்த பெரிய குறை அதுதான். குளிரைப் பொறுத்துக்கொண்டாள், உருளைக்கிழங்கைப் பொறுத்துக்கொண்டாள், மாடிப்படியில் மிளகாய் வாசனை வருகிறது என்று முறைப்பாடு செய்யும் கீழ்வீட்டுக் கிழவியையும் பொறுத்துக்கொண்டாள். ஆனால் ஒரு காரியத்தை நினைக்கும்போது சரியோ பிழையோ என்று சொல்ல ஒரு பல்லிகூட இல்லாத ஊரில் மனிதர் எப்படி முடிவெடுப்பது?

ஆகவே, தற்செயலாகக் காதில் விழும் மனிதப் பேச்சை வைத்தே காலத்தை ஓட்டினாள். ஒருமுறை புது வேலைக்கு ஆள் பார்க்கக் கூப்பிட்ட இடத்துக்கு ட்ராமில் போய்க்கொண்டிருந்தவள், "கடைசித் தரிப்பிடம், எல்லோரும் இறங்கவும்" என்ற அறிவிப்பைக் கேட்டதும் எதிர்ப்பக்கத்து ட்ராமில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள். வேலை போனது பற்றிக் கவலையே இல்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டார்களே என்று சந்தோஷம்தான்.

அவளுடைய ஒரே மகள் தேனுஜா கெல்சென்கிர்ச்சனில் பிறந்து வளர்ந்தவள், பதினேழு வயது. தாயின் சகுனங்களைச் சிநேகிதிகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள். இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு பிறந்த பிறகு அந்தச் சிரிப்பு அவளிடம் இல்லை.

கமலநாயகியின் தம்பி ராசன் மனைவியோடும் சின்ன மகளோடும் இலங்கையின் வன்னியில் அகப்பட்டிருந்தான். சண்டை ஊர் ஊராகத் துரத்தி, மே மாதம் பிறந்தபோது சனம் முழுவதையும் கடற்கரையோரம், கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் ஒரு துண்டு நிலத்துக்குள் ஒடுக்கிவிட்டிருந்தது. அங்கே யாரோ ஒருவரிடம் செய்மதித் தொலைபேசி இருந்தது. வரிசையில் நின்று, ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசலாம். ராசன் எப்போது எடுப்பான் என்று யாருக்கும் தெரியாது. அதனால் வீட்டுத் தொலைபேசியை ஒருவரும் தொடக்கூடாது. கமலநாயகி மருத்துவரிடம் போய் விடுப்புத் துண்டு வாங்கிக்கொண்டு, துப்புரவு வேலைக்கும் போகாமல், நடையில் ஒரு கதிரையைப் போட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்தாள். சோறு அங்கே, தேவாரம் அங்கே, தூக்கமும் அங்கே.

தகப்பன் பரராசசிங்கத்துக்குப் பாண் சுடும் தொழிற்சாலையில் அதிகாலை வேலை. சனிக்கிழமைகளில் டுசெல்டோர்ஃபுக்குப் போய், மாநிலப் பாராளுமன்றக் கட்டடத்துக்கு முன்னால், சண்டையை நிறுத்தச் சொல்லிச் சனத்தோடு சனமாக நின்று வருவார். தேனுஜாவும் கூடப் போவாள். அந்த வசந்தத்தில் மழை விட்ட பாடில்லை. ஆனாலும் குடை விரிக்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். விரித்தால் பின்னால் நிற்பவர் தூக்கிப் பிடித்திருக்கும் படம் மறைந்துவிடும். யாருடைய படம் என்று கேட்க வேண்டியதில்லை, ஒவ்வொருவர் கையிலும் சொந்தத்தில் ஒருவர். நனைந்த கோழிகளாக வீடு திரும்பும்போது பரராசசிங்கம் சொல்வார்:

"உலகம் பாத்துக்கொண்டிருக்குது பிள்ளை. கட்டாயம் கேப்பினம்."

வீதியைக் கடந்துபோகும் ஜெர்மன்காரர் யாரும் நின்று பார்த்ததைத் தேனுஜா கண்டதில்லை.

இப்படியான காலத்தில்தான் பள்ளிக்கூடத்தில் வாருஸ் வந்து சேர்ந்தான்.

வாருஸ் என்பவன் ரோமத் தளபதி. ஜெர்மானியக் காட்டுக்குள் மூன்று பெரிய படைகளைக் கொண்டுபோய்த் தொலைத்து, கடைசியில் தன் வாளிலேயே தான் விழுந்து செத்தவன். அது நடந்து சரியாக இரண்டாயிரம் ஆண்டு ஆகிறது என்று நாடு முழுக்க அந்த வருடம் ஒரே கொண்டாட்டம். பேருந்துத் தரிப்பிடமெல்லாம் ரோமத் தலைக்கவசம் போட்ட சுவரொட்டி. வரலாற்று ஆசிரியை ஆளுக்கொரு தலைப்புக் கொடுத்து, வகுப்பில் எழுந்து நின்று உரை சொல்ல வேண்டும் என்றார். பொடியன்கள் சண்டையைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். தேனுஜாவுக்கு மிஞ்சியது, வாருஸ் ஜெர்மனிக்கு வருமுன் என்ன செய்தான் என்பது. சின்ன வேலை, தப்பித்தோம் என்றுதான் நினைத்தாள்.

நூலகத்தில் உட்கார்ந்து வாசித்தபோதுதான் அது சின்ன வேலை இல்லை என்று தெரிந்தது. வாருஸ் அதற்கு முன் சிரியாவில் ஆளுநராக இருந்திருக்கிறான். பக்கத்தில் யூத இராச்சியம். அதற்கு ரோமாபுரி வைத்த அரசன் ஏரோது. அவன் செத்ததும், அவன் மகன் அர்கெலாயு ஆள வந்தான். பட்டத்தில் ஏறுமுன்னமே கோயில் திருவிழாவில் ஆயிரக்கணக்கில் சனத்தைக் கொன்றவன். நாடு கொதித்தெழுந்தது. அடக்குவதற்கு வாருஸ் படையோடு இறங்கினான். செப்போரிஸ் என்ற பட்டினத்தைக் கொளுத்தி, அங்கிருந்தவர்களை அடிமைகளாக விற்றார்கள். இரண்டாயிரம் பேரைச் சிலுவையில் அறைந்தார்கள். தேனுஜா புத்தகத்தை மூடிவிட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே பேருந்து நின்றது, பிள்ளைகள் இறங்கினார்கள், எல்லாம் வழக்கம்போல இருந்தது. அந்த வழக்கம்போல இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குசினியில் உரையை ஜெர்மன் மொழியில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பரராசசிங்கம் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"டொச்சிலை சொன்னது காணும். எனக்குத் தமிழிலை சொல்லு பாப்பம்."

"ஏரோது செத்தாப் பிறகு, யூதச் சனம் தங்களுக்கு உந்தக் குடும்பத்து ராசா வேண்டாமெண்டு ரோமாபுரிக்கு ஆக்களை அனுப்பினதாம் அப்பா. அம்பது பேர்."

"அம்பது பேர் போய் ஆருக்குக் காணும்?"

"பொறுங்கோவன். ரோமாபுரியிலை ஏற்கெனவே யூதச் சனம் இருந்தது. பிழைக்கப் போனவை, அடிமையாப் பிடிச்சுக்கொண்டு போய் விட்டவை எண்டு கனபேர். அந்த அம்பது பேரும் சக்கரவர்த்திக்கு முன்னாலை போகேக்கை, அங்கை இருந்தவை எண்ணாயிரம் பேர் வந்து அவையளோடை நிண்டவையாம். பிறகு ஒரு யூதர் அதை எழுதி வைச்சிருக்கிறார்."

பரராசசிங்கம் கத்தியை வைத்துவிட்டார். வெங்காயத்துக்கு வந்த கண்ணீரோடு வேறும் சேர்ந்துகொண்டது போலிருந்தது.

"எண்ணாயிரமோ? ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னமோ? பாத்தியே, எங்களைப் போலை! வேலை வெட்டியை விட்டிட்டு வந்து நிண்டிருக்குதுகள்!" மேசையைத் தட்டினார். "சரி, சொல்லு. சக்கரவர்த்தி கேட்டவனோ?"

தேனுஜா வாயைத் திறந்தவள், நடைப் பக்கம் பார்த்துவிட்டாள். தொலைபேசிக் கதிரையில் இருந்த கமலநாயகியின் உதடு தேவாரத்தின் நடுவில் நின்றுபோயிருந்தது. ஒரு கை நெஞ்சில். முகம் குசினியை நோக்கித் திரும்பி, அப்படியே. அந்த இருப்பு தேனுஜாவுக்கு நன்றாகத் தெரியும். ட்ராம் அறிவிப்புக்கும் பக்கத்து மேசைப் பேச்சுக்கும் தாய் காது கொடுக்கும் இருப்பு அது. கமலநாயகி கேட்க நினைத்த கேள்வியை வேறொரு வாய் கேட்டுவிட்டது. இனி விடையும் வேறொரு வாயிலிருந்து வரவேண்டும். அது வரப்போகும் வாய் தேனுஜாவுடையது.

உண்மை என்ன? அகஸ்டஸ் சக்கரவர்த்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சில நாள் யோசித்து, யாரை வேண்டாம் என்றார்களோ அந்த அர்கெலாயுவிடமே பாதி நாட்டைக் கொடுத்தான். பத்து வருடம் கழித்து, மறுபடியும் முறைப்பாடு போன பிறகுதான் அவனைப் பதவியிறக்கி நாடு கடத்தினான். அப்போதும் நாட்டைச் சனத்திடம் கொடுக்கவில்லை, ரோமத்து ஆளுநர் ஒருவனை அனுப்பினான்.

தேனுஜா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"கேட்டவர் அப்பா. அந்த ராசாவை இறக்கி, நாடு கடத்திப்போட்டார்."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பத்து வருடத்தை மட்டும் மென்று விழுங்கிவிட்டாள்.

"முருகா" என்றாள் கமலநாயகி. எழுந்து போய்ச் சாமித்தட்டில் விளக்கைக் கொளுத்தினாள். பரராசசிங்கம் வெங்காயத்தை மறந்து, பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்ற தன் கூட்டாளிகளுக்கெல்லாம் கைத்தொலைபேசியில் ரோமாபுரிக் கதையைச் சொல்லத் தொடங்கினார். ஒரு வீட்டைச் சந்தோஷப்படுத்துவது இவ்வளவு சுலபமா என்று தேனுஜாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம் பெருமையும் பட்டாள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது தொலைபேசிக் கதிரை காலியாக இருந்தது. கமலநாயகி குசினியில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ராசன் எடுத்தவன்" என்றாள், திரும்பாமலே.

"மாமாவோ! எப்பிடி இருக்கினமாம்?"

"உசிரோடை இருக்கினம். பங்கருக்குள்ளை தண்ணியாம்." கத்தி பலகையில் தட்டிக்கொண்டே இருந்தது. "என்னட்டை யோசினை கேட்டான். ஏரியைக் கடந்து ஆமிப் பக்கம் போறதோ, இல்லாட்டி அங்கையே இருக்கிறதோ எண்டு. 'அக்கா, வெளியிலை என்ன கதைக்கினம், சண்டையை நிப்பாட்டுவினமோ? நிப்பாட்டுவினமெண்டால் இருக்கிறம். நீ சொல்லு, நீ சொல்லுறபடி செய்யிறன்' எண்டான்."

இருதலைக் கொள்ளி எறும்பு என்று நாம் எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த எறும்பு தொலைபேசி எடுத்து, எந்தப் பக்கம் போக என்று அக்காவிடம் கேட்டால் அக்கா என்ன செய்வாள்?

"நீங்கள் என்ன சொன்னனீங்கள் அம்மா?"

"சொல்ல வேண்டியதைச் சொன்னன்."

"என்ன சொன்னனீங்கள்?"

"உதெல்லாம் நடந்து முடியுமட்டும் வாயாலை சொல்லக்கூடாது. சொன்னாக் காரியம் கெட்டுப்போம். நீ கையைக் கழுவிப்போட்டு வா."

தேனுஜா கை கழுவப் போனாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, கை நனையவில்லை. அம்மா என்ன சொல்லியிருப்பாள் என்பதற்குச் சாத்திரமா பார்க்க வேண்டும்? நேற்றுத்தானே விளக்குக் கொளுத்தினாள். சக்கரவர்த்தி கேட்டவர், ஆகவே உலகமும் கேட்கும், நிப்பாட்டுவார்கள், இருங்கோ தம்பி, அசையாதேங்கோ. மாமா இப்போது அந்தத் தண்ணீர் நிறைந்த குழிக்குள் மகளை மடியில் வைத்துக்கொண்டு, அகஸ்டஸ் சக்கரவர்த்தியை நம்பி இருக்கிறார்.

சொல்லிவிடலாம் என்று குசினிக்குத் திரும்பினாள். கமலநாயகி கிழமைக்கணக்கில் சமைக்காத பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். அந்த முதுகைப் பார்த்ததும் தேனுஜா தட்டுகளை எடுத்து மேசையில் வைத்தாள். சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்றிருந்தாள், அப்பா வந்துவிட்டார். அப்பா இல்லாத நேரம் பார்த்தாள், அம்மா தேவாரத்தில் இருந்தாள். சொல்லி என்ன பயன் என்றும் ஒரு யோசனை. மாமாவைத் திருப்பிக் கூப்பிட வழியில்லை. ஆனாலும் ஒளித்துத் தன் கைத்தொலைபேசியில், முன்பு ஒருமுறை வந்த இலக்கத்தை அழுத்திப் பார்த்தாள். மணிகூட அடிக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். பேருந்திலும் பாடவேளை நடுவிலும் கழிவறையிலும் நின்று அழுத்தினாள். வாயைக் கொடுத்தாயிற்று, இனி அதைத் திரும்ப வாங்க அவளிடம் வழி இல்லை.

வியாழக்கிழமை வகுப்பில் உரை. ஏரோது, அர்கெலாயு, வாருஸ், எரிந்த பட்டினம், சிலுவைகள் எல்லாவற்றையும் ஜெர்மனில் தடுமாறாமல் சொன்னாள். எண்ணாயிரம் பேரிடம் வந்ததும் நிறுத்தினாள். தண்ணீர் குடித்துவிட்டு, சக்கரவர்த்தி என்ன செய்தான் என்பதை, பத்து வருடத்தையும் சேர்த்து, உள்ளபடி சொல்லி முடித்தாள். பின்வரிசையில் ஒருவன் கையை உயர்த்தினான்.

"அந்த எண்ணாயிரம் பேரும் அதற்குப் பிறகு என்ன செய்தார்கள்?"

"தெரியாது. அதை எழுதவில்லை" என்றாள் தேனுஜா. பிறகு, "அடுத்த நாள் வேலைக்குப் போயிருப்பார்கள்" என்றாள்.

வகுப்பு சிரித்தது. கெட்ட சிரிப்பு அல்ல, பகிடி என்று நினைத்துவிட்டார்கள். ஆசிரியை நல்ல புள்ளி போட்டார். ஊரார் பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்ல முடிகிறது, பெற்ற தாய்க்குச் சொல்ல முடியவில்லை என்று தேனுஜா தன்னையே ஏசிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

தொலைபேசி அதன் பிறகு அடிக்கவில்லை. சனிக்கிழமை மழையில் நின்றார்கள். அடுத்த கிழமை தொடங்கியபோது சண்டை முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்னது. பரராசசிங்கம் வேலையால் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அதற்கு முன்னால் குந்திவிட்டார். புகையும் மண்ணும் காட்டினார்கள். கடற்கரையில் கவிழ்ந்த சைக்கிள்களைக் காட்டினார்கள். மனிதர்களைத் தூரத்தில் வைத்துத்தான் காட்டினார்கள். அவர் கிட்டப்போய்த் திரையில் விரலை வைத்து ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தார்.

தேனுஜாவால் அதற்கு மேல் ஏலவில்லை. நடைக்குப் போய், தாயின் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள்.

"அம்மா, அண்டைக்கு நான் சொன்னது சரியில்லை. சக்கரவர்த்தி கேக்கேல்லை. பத்து வருசத்துக்குப் பிறகுதான் அந்த ராசாவை இறக்கினவர். அதுவும் அவையளுக்காக இல்லை. நீங்கள் சகுனம் பாக்கிறீங்கள் எண்டு எனக்குத் தெரியும், அதுதான் மாத்திச் சொன்னனான். மாமாவை நிக்கச் சொன்னது நீங்கள் இல்லை அம்மா. நான்தான்." அழுகையில் சொல் எல்லாம் நனைந்துபோயிருந்தது.

கமலநாயகி அவள் தலையில் கை வைத்தாள்.

"நீ சின்னனிலை இருந்து பொய் சொன்னா நெத்தியைத் தேய்ப்பாய். அண்டைக்குத் தேய்ச்சுத் தேய்ச்சு நெத்தி சிவந்துபோச்சு."

தேனுஜா நிமிர்ந்து பார்த்தாள்.

"உன்ர வாயைக் கேட்டது உன்ர அப்பா. நான் முகத்தைப் பாத்தனான். கேட்டிருந்தால் நீ துள்ளிக்கொண்டெல்லோ சொல்லியிருப்பாய்? அப்பவே விளங்கீட்டுது, ஒருத்தரும் கேக்கேல்லை, இனியும் கேக்கமாட்டினம் எண்டு. பிள்ளை எனக்காகப் பொய் சொல்லுது, நான் என்னத்தைச் செய்ய? எழும்பிப் போய் விளக்கைக் கொளுத்தினன்."

"அப்ப மாமாவுக்கு?"

"ஏரிக்கு அங்காலை போ எண்டனான். ஒருத்தரும் வரமாட்டினம் தம்பி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இண்டைக்கே போ எண்டனான்."

தேனுஜாவுக்கு மூச்சு வந்தது. தாயின் கண் தொலைபேசியிலேயே இருந்தது.

"ஏரியிலை தண்ணி கழுத்தளவு எண்டவன். போற வழியிலை செல்குண்டு விழுந்திருந்தா? அங்காலை ஆமி பிடிச்சிருந்தா? சொன்னது நான் பிள்ளை. ஒரு பல்லியும் சொல்லேல்லை, நான்தான் சொன்னனான்."

பாரத்தை இறக்கிவைக்க வந்தவள், தாயிடம் அதைவிடப் பெரிய பாரம் இருப்பதைக் கண்டாள். அதன் பிறகு நடையில் இரண்டு கதிரை போடப்பட்டது. தாயும் மகளும் அருகருகே இருந்து, அடிக்காத தொலைபேசியைப் பார்த்தார்கள். கமலநாயகி யாருடைய வாயிலிருந்தும் சகுனம் பார்ப்பதை விட்டுவிட்டாள். ட்ராம் என்ன சொன்னாலும் போகிற இடத்துக்குப் போய் வந்தாள். தேனுஜாவுக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு காலை. பரராசசிங்கம் முகத்தில் சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தார். தொலைபேசி அடித்தது. கமலநாயகி எடுத்தாள், "ஹலோ" என்றாள், பிறகு தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி... தம்பி... எல்லாரும் இருக்கிறியளோ? பிள்ளை? பிள்ளை சாப்பிட்டவளோ?"

அகதி முகாமில், முட்கம்பி வேலிக்குள், யாரோ ஒளித்து வைத்திருந்த கைத்தொலைபேசி. மூவரும் இருக்கிறார்கள். ஏரியைக் கடக்கும்போது மகளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தானாம். முன்னால் போனவர்களில் சிலர் கரை சேரவில்லையாம். கையில் இருந்த பை போய்விட்டது, பிள்ளையின் ஒரு செருப்பும் போய்விட்டது. அக்கா சொன்னபடி அன்றைக்கே வெளிக்கிட்டது நல்லது என்றான். கமலநாயகி அழுது, சிரித்து, நுரை காயாத புருசனுக்குக் கையைக் காட்டி, பிறகு தொலைபேசியை மகளிடம் நீட்டினாள்.

"மருமோளைக் கேக்கிறான். இந்தா." கை விடவில்லை. "இந்த முறை நெத்தியைத் தேய்க்காமல் கதை."

குரல் எங்கோ கிணற்றடியிலிருந்து வருவதுபோல இருந்தது. பின்னால் ஒரே சன இரைச்சல்.

"தேனு, நாங்கள் பங்கருக்குள்ளை இருக்கேக்கை றேடியோவிலை சொன்னவை, உங்கை எங்கட சனம் றோட்டிலை நிக்குதெண்டு. மெய்யே?"

"ஓம் மாமா. மெய்தான்."

"அவங்கள் கேட்டவங்களோ?"

தேனுஜாவின் கை நெற்றிக்குப் போனது. பாதி வழியில் அதை இறக்கி, தாயின் தோளில் வைத்துக்கொண்டாள்.

"இல்லை மாமா. கேக்கேல்லை."

அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதது. யாரோ யாரையோ வரிசையில் வரச்சொல்லிக் கத்தினார்கள்.

"நீயும் போய் நிண்டனியோ?"

"ஓம் மாமா. அப்பாவோடை. ஒவ்வொரு சனியும்."

"உங்கை மழையெல்லோ? அக்கா சொல்லுறவள், எந்த நாளும் மழையெண்டு."

"ஓம் மாமா. மழைக்குள்ளைதான் நிண்டனாங்கள்."

"குடை கொண்டு போனனீங்களோ?"

"இல்லை மாமா."

"விசர்ச் சனம்" என்று ஏசினான் ராசன். "காய்ச்சல் கீய்ச்சல் வந்திருந்தா என்ன செய்வியள்?"